ஒரு மணி அடித்தால் நிறுத்த வேண்டும்

சவரிமுத்து இறந்த செய்தி எனக்கு ஓர் அச்சிட்ட அட்டையாக வந்து சேர்ந்தது. விடைத்தாள் திருத்தும் பணிக்காக இரண்டு வாரம் சென்னையில் இருந்துவிட்டுத் தருமபுரி திரும்பிய அன்று, கதவிடுக்கில் செருகியிருந்த தபால்களுக்கு நடுவே கறுப்புக் கரையிட்ட அந்த அட்டை கிடந்தது. 'எங்கள் பல் மருத்துவமனையின் தன்னலமற்ற தொண்டர் திரு. சவரிமுத்து அவர்களின் திருவுருவப் படத் திறப்பு விழா' என்று தொடங்கி, நாளும் நேரமும் சொல்லி, அறக்கட்டளைச் செயலாளரின் கையெழுத்தோடு முடிந்திருந்தது. அவர் என்றைக்கு இறந்தார் என்பதைக் குறிப்பிட மறந்துவிட்டார்கள். செயலாளரின் பட்டங்கள் மட்டும் இரண்டு வரிக்கு நீண்டிருந்தன.

தன்னலமற்ற தொண்டர். இந்தச் செயலாளர்தான் ஓராண்டுக்கு முன் அதே சவரிமுத்துவை அதே மருத்துவமனையின் வாசற்படிக்கு வெளியே நிறுத்தியவர். நான் இதைக் கோபத்தில் எழுதவில்லை என்று சொல்லப்போவதில்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று காத்திருந்தால், அந்த அட்டையில் அச்சாகியிருப்பதே வரலாறாகிவிடும். கல்லூரியில் வரலாறு கற்பித்துப் பிழைப்பவன் என்பதால், அது எவ்வளவு எளிதாக நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

நான் இன்னும் உங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் சேரவில்லை; அடுத்த ஆண்டு சேர்வேன். இருந்தும் இந்த இதழில் இடம் கேட்டதற்குக் காரணம், உங்களில் பலர் சவரிமுத்துவின் வண்டியில் போயிருப்பீர்கள். இண்டூர்ப் பக்கத்துக் கத்தோலிக்க உழவர் குடும்பத்தில் பிறந்து, முப்பது ஆண்டுகள் பேருந்து நடத்துநராக இருந்தார். கடைசி ஆண்டுகள் சித்தேரி மலைத் தடத்தில் கழிந்தன. அந்தத் தடத்தில் வயிறு புரளாமல் போய்வந்தவர்கள் குறைவு. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவர் குரல் கொடுப்பார்: "வளைவு வருது, கம்பியப் புடிங்க! இது சின்னது. அடுத்தது பெருசு, அப்பறம் சொல்றேன்." எது எப்போது வரும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும் என்பது அவருடைய கணக்கு. மற்ற வண்டிகளுக்கு விசில் வந்த பிறகும் அவருடைய பழைய வண்டியில் கயிறு கட்டிய பித்தளை மணியே இருந்தது. கயிற்றை ஒரு முறை இழுத்தால் நிறுத்தம். இரண்டு முறை இழுத்தால் போகலாம். அந்த வண்டி ஓய்ந்து உடைசலுக்குப் போனபோது, மணியைக் கழற்றி வைத்திருந்த பணிமனைத் தோழர்கள், அவர் ஓய்வு பெற்ற அன்று மாலையோடும் சுவர்க் கடிகாரத்தோடும் அதையும் அவர் கையில் கொடுத்தார்கள்.

ஓய்வுக்குப் பிந்தைய முதல் மூன்று மாதங்களை அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். விடிந்ததும் பேருந்து நிலையத்துக்குப் போய் நிற்பாராம். பழைய தோழர்கள் முதல் வாரம் டீ வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டாவது மாதம் அவரைக் கண்டதும் வண்டிக்குப் பின்புறம் ஒதுங்கினார்கள். வீட்டிலும் நிம்மதி இல்லை. "சோறு போட்டா 'ரைட்'டுங்கறாரு, கதவச் சாத்துனா 'ரைட்'டுங்கறாரு. இது வூடா, டிப்போவா?" என்று அவர் மனைவி ஞானம்மாள் பங்குத் தந்தையிடம் முறையிட்டார். தந்தை சதுரங்கம் கற்றுக்கொடுத்தார். ஒரு மாதம் தோற்றபின் சவரிமுத்து அதை விட்டார். ரோஜா பதியன் வைத்தார். பக்கத்து வீட்டு ஆடுகளுக்கு அது பிடித்துப்போயிற்று. கடைசியில் ஒரு திருவிழாக் கடையில் மவுத் ஆர்கன் ஒன்றை வாங்கினார். அது அவருக்கு மிகவும் பிடித்தது. ஆனால் ஊதும்போதெல்லாம் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல் உயிர் போக வலித்தது.

ஓடும் வண்டியில் முப்பது ஆண்டு நின்றபடியே போய்வந்த மனிதர், பல் மருத்துவர் வீட்டு வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பி வந்தார் என்பதை அவர் ஒளித்ததே இல்லை. கிராம்பு வைத்தார், உப்புநீர் கொப்பளித்தார், மவுத் ஆர்கனை வாயின் மறுபக்கத்தில் வைத்து ஊதிப் பார்த்தார். முடியாமல் மூன்றாவது முறை, நான் மேலே சொன்ன அறக்கட்டளை மருத்துவமனைக்குப் போனார். அங்கே டாக்டர் அன்வர் என்ற இளைஞர் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நம் ஊரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. நாற்காலியில் உட்கார்ந்த சவரிமுத்து அவரிடம் ஒரு கேள்வி கேட்டார்: "வாய்க்குள்ள கைய வுட்டுட்டு 'வலிக்குதா'ன்னு கேக்கறீங்களே டாக்டர், நான் எதுல பதில் சொல்றது?" "இருங்க, வர்றேன்" என்று எழுந்துபோன சவரிமுத்து இனித் திரும்பமாட்டார் என்றே டாக்டர் நினைத்தாராம். அரை மணியில் மணியும் கயிறுமாகத் திரும்பி வந்தார்.

மணி சன்னல் கம்பியில் தொங்கியது. கயிறு நாற்காலியின் கைப்பிடிவரை நீண்டது. ஒரு மணி அடித்தால் டாக்டர் கையை எடுத்துவிட வேண்டும். இரண்டு மணி அடித்தால் தொடரலாம். டாக்டர் அன்வர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அந்தச் சிரிப்புக்காகவும் ஒப்புதலுக்காகவும் அவரை நான் மதிக்கிறேன். சவரிமுத்து அன்று மூன்று முறை வண்டியை நிறுத்தினார். மூன்று முறையும் அது நின்றது. பல் வந்துவிட்டது. மணியைக் கழற்றப் போனவர், வெளியே தாழ்வாரத்தில் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். "இங்கயே இருக்கட்டும்" என்றார். அதன்பின் ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும், யாரும் கேட்காமலே, அந்தத் தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தார்.

நான் அவரைச் சந்தித்தது அங்கேதான். ஆறு ஆண்டுகளாக ஒரு சொத்தைப் பல்லை வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டு இடப்பக்கத்தால் மென்றவன் நான். படித்தவனுடைய பயம் அதிகம் பேசாது. தேர்வு வேலை, கருத்தரங்கு என்று காரணம் மட்டும் சொல்லும். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த சவரிமுத்து, என் பெயரைக் கேட்பதற்கு முன்பே தடத்தைச் சொன்னார்.

"மொத்தம் ஆறு வளைவுங்க சார். மொத வளைவு, கழுத்துல துணி கட்டுவாங்க. ரெண்டாவது, கண்ணாடி உள்ள போவும், சில்லுனு இருக்கும். மூணாவது ஊசி. அதுதான் செங்குத்து. நாலாவது சும்மா உக்காந்திருக்கறது. ஒதடு மரத்து, அடுத்தவங்க ஒதடு மாதிரி ஆயிரும். அஞ்சாவது கொறடு. ஆறாவது பஞ்சு. அதக் கடிச்சுட்டா ஊரு தெரியும்."

"வலிக்குமா?" என்றேன்.

"வலிக்கும்ங்க. மூணாவதுல நறுக்குனு, அஞ்சாவதுல அமுக்கறாப்பல. வலிக்காதுன்னு நான் பொய் சொன்னா, அடுத்த வளைவுக்கு நீங்க என்னை நம்பமாட்டீங்க."

அடுத்து நடந்ததை மிகத் துல்லியமாக எழுத விரும்புகிறேன். ஊசி போட்டும் எனக்கு முழுதாக மரத்துப்போகவில்லை. ஐந்தாவது வளைவில், குறடு அசைந்தபோது, கயிற்றை இழுத்தேன். மணி அடித்தது. டாக்டரின் கை நின்றது. அந்த நொடியில் பயந்துபோன என் கை மறுபடியும் இழுத்தது. இரண்டாவது மணி. வெளியே தாழ்வாரத்தில் இருந்த சவரிமுத்துவின் வாயிலிருந்து, முப்பது ஆண்டுப் பழக்கத்தில், அவர் அறியாமலே பெருங்குரலில் ஒரு சொல் எழுந்தது: "ரைட்!" டாக்டர் பல்லைப் பிடுங்கினார்.

அன்று வீங்கிய கன்னத்தோடு அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர் ஒருவரின் கூச்சலுக்கு ஏற்ப அறுவை மருத்துவம் நடப்பது இந்த மாவட்டத்தின் அறிவு நிலைக்கு இழுக்கு என்றும், மணி அடித்தும் மருத்துவர் நிறுத்தவில்லை என்றும் அதில் எழுதினேன். ஒரு பிழைகூட இல்லாத கடிதம் அது. அன்றிருந்த வயதான செயலாளர் அதைப் படித்துவிட்டுக் கோப்பில் வைத்தார்.

இரண்டு நாள் கழித்துப் புண்ணைக் காட்டப் போனபோது, சவரிமுத்து தாழ்வாரத்தில் எழுந்து நின்று கைகூப்பினார். "தப்பு என்னோடதுங்க சார். பயந்த கை ஒரு தடவையோட நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? பஸ்ஸு ரூலை அப்படியே கொண்டாந்து இங்க மாட்டிட்டேன்." அன்றே விதியை மாற்றினார். ஒரு முறை அடித்தாலும் பத்து முறை அடித்தாலும் நிறுத்தம்தான். தொடரலாமா என்று டாக்டர் வாயால் கேட்டு, நோயாளி தலையசைத்தால்தான் குறடு நகரும். தன் வாயை நம்பமுடியாது என்பதால் அதற்கும் ஓர் ஏற்பாடு செய்தார். உள்ளே ஒருவர் நாற்காலியில் இருக்கும் நேரமெல்லாம் மவுத் ஆர்கனை வாயிலேயே வைத்துக்கொண்டார். அவருக்கு மூன்று பாட்டுத்தான் தெரியும். மூன்றும் ஒன்றுபோலவே ஒலிக்கும். காத்திருப்பவர்கள் இதென்ன பாட்டு என்று வாதாடிக்கொண்டு தங்கள் பல்லை மறந்தார்கள். முப்பது ஆண்டுப் பழக்கத்தை ஒரே நாளில் தவறென்று ஒப்புக்கொண்டு மாற்றிய வேறொரு மனிதரை நான் என் கல்லூரியில் சந்தித்ததில்லை. என் கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று அன்றே நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அந்தத் தாழ்வாரத்துக்கு நான் பல்லோடு தொடர்பில்லாத காரணங்களுக்காகவும் போகத் தொடங்கினேன். ஓய்வு நெருங்குகிறவனுக்கு இரண்டு பயங்கள் இருந்தன. ஒன்றை அவர் தீர்த்துவிட்டார், மற்றதையும் கேட்டேன். "ரிட்டயர் ஆனதும் மொதல்ல எதுவும் புடிக்காதுங்க சார். அது தப்பில்ல. வண்டி நின்ன பொறவும் ஒடம்பு கொஞ்ச நேரம் ஆடிட்டுத்தான் இருக்கும்" என்றார். பிடித்ததைக் கண்டுகொள்வது எப்படி என்றேன். "யாரும் பாக்காதப்பவும் செய்யத் தோணுச்சுன்னா அது புடிச்சது. சதுரங்கம் ஆடுறப்ப ஃபாதர் பாக்கறாரான்னு பாத்துட்டே இருப்பேன். இத ஊதறப்ப ஆடு பாத்தாக்கூட கவலையில்ல."

பிறகு புதிய செயலாளர் வந்தார். கோப்புகளைப் புரட்டியதில் என் கடிதம் அவருக்குக் கிடைத்தது. சவரிமுத்துவை அறைக்கு அழைத்து, எல்லாருக்கும் முன்னால் அதை உரக்கப் படித்துக் காட்டினார். "ஒரு பேராசிரியரே எழுத்துல குடுத்திருக்காரு. நான் என்ன பண்ண முடியும் சொல்லுங்க?" என்றாராம், மிகப் பண்பாக. மணியை அன்று மாலையே கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். நடத்துநர் வளாகத்துக்குள் வரக்கூடாது என்று காவலருக்கு எழுத்தில் உத்தரவு போனது.

அடுத்த செவ்வாய் அவரை மருத்துவமனைக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் பார்த்தேன். பாலக்கோட்டிலிருந்து தக்காளி இறக்க வந்த ஒருவருக்கு ஆறு வளைவுகளையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன, இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்றேன்.

"பர்மிட்டு கேன்சல் ஆயிருச்சுங்க சார்."

"ஏன்?"

"ஒரு பயணி புகார் குடுத்திருக்காராம்."

என் கைக்கு ஒரு டீ வந்தது. எந்தப் பயணி என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை. கேட்காமல் இருப்பதும் அசிங்கமாக இருந்தது. "யாராம்?" என்றேன். அவர் என் டம்ளரைக் காட்டினார். "டீ ஆறுதுங்க சார்."

மணி போனபின் என்ன நடந்தது என்பதற்குச் சித்தேரியைச் சேர்ந்த சின்னப்பொண்ணு சாட்சி. சாமை விதைத்துப் பிழைக்கும் அந்த அம்மாள், வலி பொறுக்காமல் மலையிறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஊசியைக் கண்டதும் எழுந்து ஓடி, கிடைத்த வண்டியில் ஊருக்கே திரும்பிவிட்டார். பத்து நாளில் கன்னம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. கஞ்சிகூட இறங்கவில்லை. மலை வண்டியின் இளம் நடத்துநர் சொல்லி இதைக் கேள்விப்பட்ட சவரிமுத்து, தன் பழைய தடத்தில் பயணியாக ஏறிப் போனார். இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினார். மூன்றாவது முறை டாக்டர் அன்வர் கொடுத்தனுப்பிய மாத்திரைகளோடு போனார். வீக்கம் சற்று வடிந்ததும், ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மாளை அழைத்துக்கொண்டு வந்து இறங்கினார். நான் அன்று டீக்கடையில் இருந்தேன்.

வாசற்படியில் காவலர் கையை நீட்டி மறித்தார். "ஆத்தா மட்டும் போலாமுங்க. அண்ணன் வரக்கூடாது. ஆர்டரு."

"அப்ப நானும் வர்ல" என்றார் சின்னப்பொண்ணு. வீங்கிய வாயில் சொற்கள் குழறின. "கண்டக்டரே, மலைக்கு வண்டி எப்ப?"

"இப்பத்தானே ஆத்தா எறங்குனோம். வண்டி திரும்ப வேண்டாமா?"

"கேலி பேசாத. நீ இல்லாம நான் உள்ள போவமாட்டேன். செத்தா மலையில சாவறேன்."

அவர் அதைச் சும்மா சொல்லவில்லை. இன்னொரு முறை மலையேறினால் அதுதான் நடந்திருக்கும் என்று பிறகு டாக்டரே என்னிடம் சொன்னார். குரல் கேட்டு வெளியே வந்த டாக்டர் அன்வர், காவலர் கையிலிருந்த உத்தரவை வாங்கி ஒருமுறை நிதானமாகப் படித்தார். "இவர் உள்ளே வரக்கூடாதுன்னுதான் போட்டிருக்கு. நான் வெளியே வரக்கூடாதுன்னு போடலையே" என்றார். ஒரு மர நாற்காலியை வாசற்படிக்கு வெளியே, வேப்பமரத்தடி வெளிச்சத்தில் போட்டார்கள். தட்டும் கருவிகளும் வந்தன. மணி அவர் வீட்டில் இருந்தது. சவரிமுத்து தோளிலிருந்த துண்டை எடுத்து, ஒரு முனையைச் சின்னப்பொண்ணுவின் கையில் சுற்றினார். மறுமுனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்.

"இழுத்தா நிக்கும், ஆத்தா. எத்தன தடவ வேணும்னாலும் இழு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, டாக்டருக்கும் இல்ல."

நான்கு முறை துண்டு இழுபட்டது. நான்கு முறையும் அவர் "நிறுத்தம்!" என்றார், டாக்டர் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினார். மூன்றாவது முறை அந்த அம்மாள் தண்ணீர் கேட்டார். நான்காவது முறை, டாக்டர் உண்மையிலேயே நிறுத்துகிறாரா என்று பார்ப்பதற்காகவே இழுத்தார் என்று நினைக்கிறேன். பிறகு தலையசைத்தார். பல் வந்ததும் அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்து, பஞ்சைக் கடித்தபடியே, "இதுக்கா மலைக்கு ஓடுனேன்?" என்றார். "ஊரு வந்திருச்சு, எறங்கு ஆத்தா" என்றார் சவரிமுத்து. அவர் மணிக்கட்டில் துண்டு இறுக்கிய தடம் சிவந்திருந்தது. இதற்காக டாக்டர் அன்வருக்குச் செயலாளர் விளக்கம் கேட்டு ஓர் ஓலை அனுப்பினார். அதுவும் கோப்பில் இருக்கும், தேடினால் கிடைக்கும்.

அன்று பேருந்து நிலையம்வரை அவரோடு நடந்தேன். வழியில், "அந்தப் புகாரை எழுதியது நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

"தெரியுமுங்க சார். கையெழுத்தோட படிச்சுக் காட்டுனாரே. நல்லாத்தான் எழுதியிருந்தீங்க." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மணி அடிச்சும் நிறுத்தலேன்னு இருந்துச்சு. ரெண்டு மணின்னு மட்டும் இல்ல."

என் வண்டி வந்ததும் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்.

கோயில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த சவரிமுத்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தார்; பிறகு எழுந்திருக்கவில்லை. இவ்வளவுதான் ஞானம்மாள் சொன்னார். அட்டை கிடைத்த மறுநாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, அவர் ஒரு துணிமூட்டையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே மணி இருந்தது.

"இதக் கேட்டு ஆஸ்பத்திரியிலருந்து ரெண்டு தடவ ஆள் அனுப்பிட்டாங்க சார். படத்துக்குக் கீழ கண்ணாடிப் பொட்டியில வெக்கறாங்களாம். நான் குடுக்கல. 'எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா புரொபசர் சார்கிட்ட குடு. ஒரு மணிக்கும் ரெண்டு மணிக்கும் வித்தியாசம் அவருக்குத்தான் நல்லாத் தெரியும்'னு முன்னமே சொல்லி வெச்சிருந்தாரு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கு அது வெளங்கல சார். உங்களுக்கு வெளங்குதா?"

விளங்கியது.

படத் திறப்பு விழாவுக்கு நான் போகவில்லை. வண்ணப்படம் நன்றாக அமைந்திருந்ததென்றும், செயலாளர் கண்கலங்கப் பேசினாரென்றும் கேள்விப்பட்டேன். கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்ததாம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை இவை. பித்தளை மணி என் மேசைமேல் இருக்கிறது. ஆறு வளைவுகளும் மனப்பாடம். வகுப்பில்லாத செவ்வாய்ப் பிற்பகல்களில், ஒரு துண்டோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கேட்பவர்களுக்கு அவற்றைச் சொல்கிறேன். வலிக்குமா என்றால் வலிக்கும் என்கிறேன். யாரும் பார்க்காதபோதும் அதைச் செய்யத் தோன்றுகிறது. அடுத்த ஆண்டு முதல் வெள்ளிக்கிழமையும் வருவேன். செயலாளருக்கு எழுதியிருக்கும் கடிதத்தின் படியை இங்கே தருகிறேன். இதையும் அவர் கோப்பில் வைத்துக்கொள்ளலாம், விரும்பினால் எல்லாருக்கும் முன்னால் உரக்கப் படிக்கலாம்.

'ஐயா, நாற்காலியின் கைப்பிடியில் பழையபடி கயிறு கட்டப்படும் அன்று மணியை நானே கொண்டுவந்து மாட்டுகிறேன். கண்ணாடிப் பெட்டிக்குத் தரமாட்டேன். என் பழைய புகாரைத் திரும்பப் பெறுகிறேன். அதில் ஓர் உண்மையை விட்டுவிட்டேன். முதல் மணிக்கு டாக்டர் நிறுத்தினார். நான் இரண்டு முறை இழுத்தேன்.'